பூட்டிக்கிடந்த பாட்டும் ஒரு சின்னக் கோப்பும்

தைப்பூசத்துக்கு ஒன்பது நாள்கள் இருந்தன. இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசி அடித்தது. கிள்ளானில் தன் வீட்டு மாடி அறையை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி வைத்திருக்கும் நண்பர் பேசினார்.

"அண்ணே, பாட்டு இருக்கு. பாடினவரு குரலும் இருக்கு. ஆனா எல்லாம் பூட்டிக்கிடக்கு. ஒரு எட்டு வந்து பார்க்கிறீங்களா?"

விஷயம் இதுதான். கோயில் பஜனைகளில் பாடிவந்த ஒரு பெரியவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த அறையில் ஒரு முருகன் பாடலைப் பாடிப் பதிவு செய்திருந்தார். இசைக் கலவை முடிவதற்குள் காலமாகிவிட்டார். இந்தத் தைப்பூசத்திற்காவது அந்தப் பாட்டு தண்ணீர்ப் பந்தலில் ஒலிக்க வேண்டும் என்று அவருடைய பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். நண்பரும் ஒப்புக்கொண்டார். அந்த வாரம் பார்த்துக் கணினியின் வன்தட்டு செத்துப்போனது.

பாடல் கோப்புகளின் நகல் வேறொரு தட்டில் பத்திரமாக இருந்தது. புதிய வன்தட்டைப் போட்டு, மென்பொருள்களை மறுபடி நிறுவி, பாட்டைத் திறந்தபோதுதான் சிக்கல். குரலைச் சீராக்கிய பிளகின், கோயில் மண்டபத்தில் பாடுவது போன்ற எதிரொலியைக் கொடுத்த பிளகின், மேலும் இரண்டு என நான்கும் வரிசையாகச் சன்னல்களைத் திறந்து ஒரே கேள்வியைக் கேட்டன: "உரிமம் எங்கே?"

நான்கையும் காசு கொடுத்து வாங்கியவர் நண்பர். ஆனாலும் அவை அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. காரணம், அந்தக் கணினிக்கு இணையத் தொடர்பே கிடையாது.

வேண்டுமென்றே துண்டிக்கப்பட்ட கணினி

இந்தக் காலத்தில் இணையம் இல்லாமல் ஒரு கணினியா என்று நீங்கள் கேட்கலாம். ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், காரணம் சொல்வார்கள். ஒலிப்பதிவு என்பது கணினிக்கு இடைவெளி இல்லாத வேலை. பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போது கணினி பின்னணியில் வேறு எதையாவது செய்யப் போனால், ஒலியில் 'டிக்' என்று ஒரு வெட்டு விழும். கம்பியில்லா வலையமைப்புச் சில்லின் இயக்க மென்பொருளே சில கணினிகளில் இந்த வெட்டுக்குக் காரணமாகிவிடும். விண்டோஸ் தானாகப் புதுப்பித்துக்கொண்டு நடுப்பாட்டில் மறுதொடக்கம் கேட்கும். ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு பழைய ஒலி அட்டை வேலை செய்யாமல் போன கதைகளும் உண்டு.

எனவே, "நன்றாக ஓடுகிறதா, அப்படியே விட்டுவிடு" என்பதுதான் பல கூடங்களில் எழுதப்படாத சட்டம். இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, அதே கணினியில் ஏழெட்டு ஆண்டுகள் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு மென்பொருள் உரிமத்தைக் கையால் பதிவு செய்யும் வழி தெரிந்திருக்க வேண்டும்.

பிளகின் என்பது என்ன?

முன்பெல்லாம் ஒலிக்கூடம் என்றால் சுவர் நிறையப் பெட்டிகள் இருக்கும். எதிரொலிக்கு ஒரு பெட்டி, குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்த ஒரு பெட்டி, கனத்தையும் கீச்சையும் கூட்டிக் குறைக்க ஒரு பெட்டி. இன்று அந்தப் பெட்டிகள் எல்லாம் கணினிக்குள் குடியேறிவிட்டன. ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் துணை மென்பொருள்தான் பிளகின்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996-இல் 'விஎஸ்டி' என்ற முறையைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் பிளகின் செய்துகொள்ளலாம் என்று அதன் விவரங்களைத் திறந்துவிட்டது. அதன்பிறகுதான் இந்தச் சந்தை பெருகியது. மறு ஆண்டு, 1997-இல், ஆட்டோ-டியூன் வந்தது. சுருதி விலகிய குரலை இழுத்துச் சரிசெய்யும் இந்த மென்பொருளை உருவாக்கிய ஆண்டி ஹில்டெபிராண்ட், அதற்கு முன்பு எண்ணெய் நிறுவனங்களுக்காக நிலத்தடி அதிர்வுகளை ஆராய்ந்தவர். பூமிக்கடியில் எண்ணெய் தேடப் பயன்பட்ட கணக்கு, பாடகரின் தொண்டையில் சுருதி தேடப் பயன்பட்டது.

விரல் நுனியில் இவ்வளவு வசதி வந்த பிறகு, கூடவே வந்தது திருட்டு. பெட்டியைத் திருடினால் ஒருவரிடம்தான் இருக்கும். மென்பொருளைத் திருடினால் ஆயிரம் பேரிடம் இருக்கும். ஆகவே நிறுவனங்கள் பூட்டுப் போடத் தொடங்கின.

எத்தனை வகைப் பூட்டு

முதல் வகை, எழுத்துச் சாவி. வாங்கியவருக்கு மின்னஞ்சலில் சில வரிகள் வரும். அதை அப்படியே நகலெடுத்து பிளகினின் சன்னலில் ஒட்டினால் போதும். நெதர்லாந்தின் ஃபேப்ஃபில்டர் இந்த முறையைப் பின்பற்றுகிறது.

இரண்டாவது, சாவிக் கோப்பு. வாங்கியவரின் பெயரில் ஒரு சின்னக் கோப்பு கிடைக்கும். அதை பிளகினிடம் காட்டினால் திறந்துகொள்ளும். எதிரொலி பிளகின்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் வல்ஹல்லா, அறுபது டாலருக்குத் தனியார் உரிமம் தரும் ரீப்பர் ஒலிப்பதிவு மென்பொருள் ஆகியவை இவ்வகை. நம் இளைஞர்கள் பலர் 'பீட்' போடப் பயன்படுத்தும் பெல்ஜியத்தின் எஃப்எல் ஸ்டூடியோவும், கணக்கிலிருந்து ஒரு பதிவுக் கோப்பை இறக்கி இணையம் இல்லாத கணினிக்குக் கொண்டுபோகும் வழியை வைத்திருக்கிறது.

மூன்றாவது, கணினியோடு பிணைந்த உரிமக் கோப்பு. இதுதான் பலரைக் குழப்புவது. உங்கள் கணினிக்கென்று ஓர் அடையாள எண்ணை பிளகின் உருவாக்கும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் கொடுத்தால், அந்தக் கணினிக்கு மட்டுமே பொருந்தும் கோப்பு ஒன்று கிடைக்கும். பக்கத்து மேசையில் உள்ள கணினியில் அது செல்லாது.

நான்காவது, டாங்கிள். யூஎஸ்பி துளையில் செருகும் விரல் அளவுச் சாவி. 'ஐலாக்' இதில் பிரபலம். இப்போது அதே ஐலாக் உரிமத்தைக் கணினியிலும் வைக்கலாம், இணைய மேகத்திலும் வைக்கலாம் என்ற நிலை வந்திருக்கிறது. எந்தெந்த இடத்தில் வைக்கலாம் என்பதை பிளகின் நிறுவனம் முடிவு செய்யும். மேகத்தில் வைத்தால் இணையம் கட்டாயம் வேண்டும். இஸ்ரேலின் வேவ்ஸ் நிறுவனமோ தனி டாங்கிள் கேட்காமல், சாதாரண விரலியிலேயே உரிமத்தை ஏற்றிக்கொள்ள விடுகிறது.

கோப்புக்குள் என்ன இருக்கிறது?

உரிமக் கோப்பைச் சிலர் ஏதோ மந்திரத் தகடு போல நினைக்கிறார்கள். உண்மையில் அது கையெழுத்திட்ட ஒரு கடிதம். "இன்னாருக்கு, இந்த பிளகினை, இந்தக் கணினியில் பயன்படுத்த அனுமதி தருகிறோம்" என்பதுதான் கடிதத்தின் சாரம். அடியில் நிறுவனத்தின் மின்னியல் கையெழுத்து இருக்கும்.

இந்தக் கையெழுத்து இரட்டைச் சாவிக் கணக்கில் இயங்குகிறது. ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூவர் 1977-இல் உருவாக்கிய ஆர்எஸ்ஏ முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு சாவி நிறுவனத்தின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். கையெழுத்துப் போட அதுதான் வேண்டும். இன்னொரு சாவி பிளகினுக்குள்ளேயே இருக்கும். அதனால் கையெழுத்தைச் சரிபார்க்க மட்டுமே முடியும், புதிதாகப் போட முடியாது. அதனால்தான் இணையம் இல்லாமலேயே, "இது அசல் கடிதம்தான்" என்று பிளகின் தானே தீர்மானித்துக்கொள்கிறது.

இதிலிருந்து ஒரு பாடம். கடிதத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்துப் பொருந்தாது. நோட்பேடில் திறந்து பார்த்துவிட்டுத் தெரியாமல் ஒரு இடைவெளியைத் தட்டிச் சேமித்தாலே சில கோப்புகள் செல்லாமல் போய்விடும். உரிமக் கோப்பைத் திறந்து பார்க்கவே வேண்டியதில்லை.

அன்றிரவு நடந்தது

நான் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு. முதல் இரண்டு பிளகின்கள் எளிதாக முடிந்தன. ஒன்று எழுத்துச் சாவி, மற்றொன்று சாவிக் கோப்பு. நண்பரின் பழைய மின்னஞ்சலில் இரண்டும் கிடந்தன. மடிக்கணினியில் எடுத்து, விரலியில் ஏற்றி, இந்தப் பக்கம் கொண்டுவந்தோம். பத்தே நிமிடம். மண்டப எதிரொலி திரும்பி வந்தது. பெரியவரின் குரல் ஒரு வரி கேட்டது. நண்பர் நிறுத்திவிட்டார். "முழுசா ஆனப்புறம் கேட்போம்ணே" என்றார்.

மூன்றாவது பிளகின் கணினியோடு பிணைந்த வகை. பழைய உரிமக் கோப்பு நண்பரிடம் இருந்தது. ஆனால், வன்தட்டு மாறியதால் கணினியின் அடையாள எண்ணும் மாறிவிட்டது. வன்தட்டின் வரிசை எண், தாய்ப்பலகை, வலையமைப்பு அட்டை போன்றவற்றை வைத்துத்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். எதைச் சேர்ப்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மென்பொருளைப் பொறுத்தவரை இது முன்பின் பார்த்திராத புதுக் கணினி.

சரி, புதிய எண்ணைக் கொடுத்துப் புதிய கோப்பு வாங்குவோம் என்று மடிக்கணினியில் நிறுவனத்தின் தளத்துக்குள் நுழைந்தோம். "அனுமதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது" என்றது. செத்துப்போன வன்தட்டின் பெயரில் ஓர் இடம், எப்போதோ விற்றுவிட்ட மடிக்கணினியின் பெயரில் ஓர் இடம். நல்ல வேளையாக, பழைய கணினியை நீக்கும் பொத்தான் அதே பக்கத்தில் இருந்தது. நீக்கியதும் புதிய கோப்பு இறங்கியது.

கொண்டுபோய்க் காட்டினோம். "கோப்பு இல்லை" என்றது பிளகின். கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறது! பத்து நிமிடம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, இறக்கும்போது கோப்பின் வால்பெயருக்குப் பின்னால் 'டிஎக்ஸ்டி' என்ற இன்னொரு வால் ஒட்டிக்கொண்டது. விண்டோஸ் வழக்கமாக வால்பெயரை மறைத்துவைப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. வால்பெயரைக் காட்டும்படி அமைப்பை மாற்றி, ஒட்டுவாலை நறுக்கினோம்.

இப்போது வேறு செய்தி: "உரிமம் இன்னும் தொடங்கவில்லை."

மணி இரண்டு. நண்பரின் மனைவி கோப்பி கலந்துகொண்டு வந்து வைத்தார். வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தவர், "ஏன் இதில தேதி எட்டு வருசம் பின்னால காட்டுது?" என்று கேட்டார். அதுதான் பதில். தாய்ப்பலகையில் காசு வடிவில் ஒரு சின்ன மின்கலம் இருக்கும். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அது தீர்ந்துபோயிருந்தது. இணையம் இருந்தால் கணினி தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். இங்கே அதற்கும் வழியில்லை. இன்றைக்குக் கையெழுத்தான கடிதத்தை, எட்டு ஆண்டுக்கு முந்தைய கணினி எப்படி ஏற்கும்? தேதியைச் சரிசெய்தோம். மூன்றாவது பூட்டும் திறந்தது. மறுநாள் சில ரிங்கிட்டில் புது மின்கலமும் போட்டாயிற்று.

திறக்காத நான்காவது

நான்காவது பிளகின்தான் பெரியவரின் குரலுக்கு ஒரு கதகதப்பைக் கொடுத்தது. அதைச் செய்த சிறு நிறுவனம் இப்போது இல்லை. தளம் திறக்கவில்லை. அடையாள எண் திரையில் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட மறுமுனையில் ஆள் இல்லை. காசு கொடுத்த ரசீது இருந்தும் பயனில்லை.

இது அபூர்வமான சம்பவம் அல்ல. 'ஆல்கெமி' என்ற புகழ்பெற்ற ஒலியாக்க மென்பொருளைச் செய்த கேமல் ஆடியோ நிறுவனத்தை 2015-இல் ஆப்பிள் வாங்கியது. பிறகு அந்த மென்பொருள் ஆப்பிளின் லாஜிக் புரோவுக்குள் மட்டுமே வளர்ந்தது. விண்டோஸ் பயனர்களிடம் எஞ்சியது, அவர்கள் முன்பே சேமித்து வைத்திருந்த நிறுவல் கோப்பும் உரிமமும்தான். ஸ்டெயின்பெர்க்கே பல ஆண்டு பயன்படுத்திய தன் டாங்கிள் முறையைக் கைவிட்டு, 2022-இல் வந்த கியூபேஸ் 12 முதல் புதிய முறைக்கு மாறியது. பழைய டாங்கிள் சேவை 2025-இல் முடிவுக்கு வந்தது. 2023 மார்ச்சில் வேவ்ஸ், இனிமேல் சந்தா மட்டும்தான், நிரந்தர உரிமம் விற்க மாட்டோம் என்று அறிவித்தது. பயனர்களின் கொதிப்பைப் பார்த்துச் சில நாள்களிலேயே பின்வாங்கியது.

வீடு வாங்கினால் பத்திரம் நம் கையில். மென்பொருள் வாங்கும்போது நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும். அந்த அனுமதியை ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரின் சர்வர் உறுதிசெய்ய வேண்டும் என்றால், அந்தச் சர்வரின் ஆயுள்தான் நம் பாட்டின் ஆயுள். கையிலேயே இருக்கும் உரிமக் கோப்புக்கு மதிப்பு இதனால்தான். கணினியோடு பிணையாத கோப்பு என்றால் இன்னும் நல்லது.

குறுக்கு வழி வேண்டாம்

"உடைச்ச பதிப்பைப் போட்டா அஞ்சு நிமிச வேலை" என்று சொல்ல எங்கும் ஒருவர் இருப்பார். அன்றிரவும் வாட்ஸ்அப்பில் ஒருவர் சொன்னார். பூட்டை உடைத்த மென்பொருளோடு என்னென்ன சேர்ந்து வருகிறது என்பது உடைத்தவருக்குத்தான் தெரியும். அதை நிறுவும்போது வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். பத்து ஆண்டுப் பதிவுகள் இருக்கும் கணினியில் அந்தச் சூதாட்டம் தேவையா? சட்டமும் இதை விளையாட்டாகப் பார்க்கவில்லை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், சிங்கப்பூரின் 2021-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இரண்டுமே, இத்தகைய தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதற்குத் தடை விதித்துள்ளன. தன் பாட்டை யாரும் திருடக்கூடாது என்று எதிர்பார்க்கும் இசைக்கலைஞர், அடுத்தவரின் உழைப்பையும் அதே கண்ணால் பார்ப்பதுதான் நியாயம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

வீட்டில் ஒலிக்கூடம் வைத்திருப்பவர்கள், கோயில், பள்ளி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்பவர்கள், இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் செய்துவிடுங்கள்.

1. வாங்கிய பிளகின் ஒவ்வொன்றுக்கும் நிறுவல் கோப்பு, உரிமக் கோப்பு அல்லது எழுத்துச் சாவி, ரசீது மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். அந்த உறையை இரண்டு விரலிகளில் நகலெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

2. எந்த மின்னஞ்சலில் எந்தக் கணக்கு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். வேலை மாறியதும் பழைய அலுவலக மின்னஞ்சல் போய்விடும்; உரிமமும் கூடவே போகும்.

3. கணினியை விற்கும் முன்பும், வன்தட்டை மாற்றும் முன்பும் பழைய பதிவை விலக்கிக்கொள்ளுங்கள். இடம் காலியாகும்.

4. அடையாள எண்ணைக் கையால் எழுதாதீர்கள். சுழியமும் ஆங்கில 'ஓ' எழுத்தும் குழப்பும். ஓர் உரைக் கோப்பில் நகலெடுத்து விரலியில் கொண்டுபோங்கள்.

5. உரிமக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் ஆவணமாக அனுப்புங்கள். பெயரும் வால்பெயரும் மாறவில்லை என்று பாருங்கள். கோப்பைத் திறந்து சேமிக்காதீர்கள்.

6. உரிமம் ஏறாவிட்டால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். அடுத்து, மென்பொருளை நிர்வாகி அனுமதியோடு இயக்கிப் பாருங்கள். சில பிளகின்கள் உரிமத்தை விண்டோஸின் மறைவான உறைக்குள் எழுதும், அதற்கு அனுமதி வேண்டும். பிறகு ஒலிப்பதிவு மென்பொருளை முழுவதும் மூடித் திறங்கள்.

7. புதிதாக வாங்கும் முன் ஒரு கேள்வி: "இணையம் இல்லாத கணினியில் இதைப் பதிவு செய்ய முடியுமா?" விலையைக் கேட்பது போலவே இதையும் கேளுங்கள்.

8. கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஒரு பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் பிளகின் விளைவோடு ஒன்று, விளைவு இல்லாமல் ஒன்று எனத் தனித்தனி ஒலிக்கோப்புகளாக எடுத்து வையுங்கள். சாதாரண 'வேவ்' கோப்புக்கு உரிமம் கிடையாது. அதை எந்தக் கணினியிலும் கேட்கலாம்.

அந்த எட்டாவதை நண்பர் செய்திருந்தால் நான்காவது பிளகின் இல்லாமலே பாட்டு முழுதாக வந்திருக்கும். செய்யவில்லை. அதனால் அடுத்த நான்கு இரவுகள் உட்கார்ந்து, கையிலிருந்த வேறு பிளகின்களைக் கொண்டு அந்தக் கதகதப்பைக் காதால் தேடினார். அதே ஒலி கிடைக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று கிடைத்தது.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள்கள் முன்பு பெரியவரின் மகளை வரச்சொல்லிப் போட்டுக் காட்டினார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா பாடுறதுக்கு முன்னால தொண்டையைக் கனைப்பாரே, அது இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. கலவையில் தேவையில்லை என்று வெட்டி ஓரமாக வைத்திருந்த துண்டு. எந்த பிளகினும் படாத வெறும் குரல். நண்பர் அதைத் திரும்பப் பாட்டின் தொடக்கத்தில் சேர்த்துவிட்டார்.